சுகர் உள்ளவரிடம் இதய ஆபத்தை எடுத்துச் சொல்வது எப்படி?

"சுகர் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால் நீரிழிவு உள்ள பலர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பிறகு இவ்வளவு, மூன்று மாத சராசரி இவ்வளவு என எண்கள் நாக்கு நுனியில் நிற்கும். அதே ஆளிடம் "எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) எவ்வளவு? சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்) போகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள்; விழிப்பார். ஆனால் டைப் 2 நீரிழிவு உள்ளவர்களின் உயிரிழப்புக்கு முதல் காரணம் இதயமும் ரத்தக் குழாய்களும்தான். வயது, புகை, பிரஷர் போன்றவற்றைக் கழித்துக் கணக்கிட்டாலும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து சுமார் இரண்டு மடங்காக நிற்கிறது.

டாக்டர், நர்ஸ், நீரிழிவு ஆலோசகர் என இந்தப் பேச்சை நடத்த வேண்டியவர்களுக்கான குறிப்பு இது. ஆபத்தைக் கணக்குப் போடக் கருவிகள் (விவரங்களைப் போட்டால் சதவீதம் சொல்லும் அட்டவணைகளும் கணிப்பான்களும்) உண்டு. அதில் பெரிய சிரமம் இல்லை. சுகரிலேயே ஊன்றி நிற்கும் ஒருவரின் கவனத்தை இதயத்தின் பக்கம் திருப்புவதும், திருப்பிய கையோடு அவரைப் பயத்தில் விட்டுவிடாமல் ஒரு செயலில் கொண்டுபோய் நிறுத்துவதும்தான் கடினம்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

வயது, பாலினம், நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டபோது இருந்த வயது, புகைப் பழக்கம், பிரஷர், மொத்தக் கொலஸ்ட்ரால், ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்), எல்டிஎல், ஹெச்பிஏ1சி (மூன்று மாத சுகர் சராசரி), இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்), சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். இவற்றில் கோப்பில் அடிக்கடி காணாமல் போவது கடைசியில் உள்ளதுதான். அந்த விகிதம் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சிறுநீரகத்துக்கு மட்டும் எச்சரிக்கை அல்ல, இதய ஆபத்தும் கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் செய்த கடும் உடற்பயிற்சி ஆகியவையும் அதை ஏற்றிக் காட்டும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பேசக் கூடாது. 3 முதல் 6 மாதத்துக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் உறுதி.

பிரஷரையும் அவசரத்தில் எடுக்காதீர்கள். 5 நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் ஊன்றி, கை இதய மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினாலோ, கைக்குப் பட்டை சிறியதாக இருந்தாலோ, அளக்கும்போது பேச்சுக் கொடுத்தாலோ எண் கூடிவிடும். கூடிய எண் ஆபத்தைக் கணக்கிடும் கருவிக்குள் போனால் ஆபத்தும் கூடித்தான் வெளியே வரும்.

கருவியைத் திறக்குமுன் ஒரு கேள்வி: இவருக்கு ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட், பைபாஸ் ஏதாவது உண்டா? இருந்தால் கணக்கே வேண்டாம். இந்தக் கருவிகள் இன்னும் இதய நோய் வராதவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஸ்டென்ட் வைத்தவரின் விவரத்தை உள்ளே போட்டால் பொய்யான ஆறுதல் தரும் ஓர் எண் வந்து விழும். அவர் நேரடியாக மிக அதிக ஆபத்துப் பிரிவு. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களும், பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக உள்ளவர்களும் அப்படித்தான்.

எந்தக் கருவி? நீங்கள் பார்க்கும் மக்களுக்குப் பொருத்தி அளவிடப்பட்டது எதுவோ அது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வண்ண அட்டவணைகள் உலகை 21 பகுதிகளாகப் பிரித்து 40 முதல் 74 வயது வரை தருகின்றன. ஐரோப்பாவுக்கான ஸ்கோர்2-டயாபடீஸ் (2023), டைப் 2 நீரிழிவு உள்ளவர்களுக்கென்றே செய்யப்பட்டது. நீரிழிவு வந்த வயதையும் சிறுநீரகத்தையும் கணக்கில் எடுக்கும், 40 முதல் 69 வரை. பிரிட்டனில் க்யூரிஸ்க்3, இது டைப் 1-ஐயும் ஏற்கும். அமெரிக்காவின் பிரிவென்ட் (2023) இதயச் செயலிழப்பையும் (இதயம் ரத்தத்தைப் போதிய அளவு இறைக்க முடியாத நிலை) சேர்த்துக் கணிக்கும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மட்டும் எண்ணும், இன்னொன்று இதயச் செயலிழப்பையும் கூட்டும், ஆகவே ஒரே ஆளுக்கு வெவ்வேறு எண் வருவது இயல்பு. நோயாளி முன்னால் மூன்று கருவிகளைத் தட்டிக் காட்டாதீர்கள். ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

எண்ணுக்கு முன் கேள்வி

ரிப்போர்ட்டை விரித்ததும் "உங்களுக்கு ஹார்ட் ரிஸ்க் 14 சதவீதம்" என்று ஆரம்பித்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது. முதலில் அவர் என்ன நினைத்திருக்கிறார் என்று கேளுங்கள்:

"சுகரைப் பத்தி நிறையப் பேசிட்டோம். சுகர் இருந்தா இதயத்துக்கு என்ன ஆகும்னு நீங்க கேள்விப்பட்டிருக்கீங்க?"

பதிலில் மூன்று வகை வரும். "சுகர் கட்டுக்குள்ள இருக்கு, அப்புறம் என்ன?" என்பவர். "எனக்கு நெஞ்சு வலியே கிடையாது" என்பவர். "எங்க அப்பா அதுலதான் போனாரு" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பவர். மூவருக்கும் ஒரே பேச்சு எடுபடாது. மூன்றாமவரிடம் ஆபத்து இருக்கிறது என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. அவர் ஏற்கெனவே அதை முழுதாக நம்பிவிட்டார். அப்பா காலத்தில் இல்லாத எதெல்லாம் இப்போது கையில் இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தேவை.

அடுத்து அனுமதி. "உங்க ரிப்போர்ட்டை வெச்சு அடுத்த பத்து வருஷத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பார்க்கலாமா?" வேண்டாம் என்று மிகச் சிலர்தான் சொல்வார்கள். சொன்னால் வற்புறுத்தாதீர்கள், எண் இல்லாமலும் பிரஷர், கொழுப்பு, புகை பற்றிப் பேசலாம்.

எண்ணைச் சொல்லும் விதம்

கணிப்பு 14 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சொல்ல வேண்டிய வாக்கியம் இது:

"உங்களை மாதிரி வயசு, சுகர், பிரஷர், கொழுப்பு உள்ள நூறு பேரை எடுத்துக்குங்க. அடுத்த பத்து வருஷத்துல அதுல பதினாலு பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும். எண்பத்தாறு பேருக்கு வராது."

இதில் நான்கு பகுதிகள்: எத்தனை பேரில், எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்தில், என்ன நேரும். ஒன்று விடுபட்டாலும் எண் திரிந்துவிடும். "பத்து வருஷத்துல" என்பதை விட்டால் சிலர் இந்த வருடம் என்றும் சிலர் ஆயுள் முழுக்க என்றும் எடுத்துக்கொள்வார்கள். 86-ஐ விட்டால் 14 மட்டும் பூதாகரமாக நிற்கும். 14-ஐ விட்டால் பேச்சுக்கே வேலை இல்லை.

"அதிகம்", "கொஞ்சம்", "மிதம்" என்ற சொற்களைத் தனியாக விடாதீர்கள். நீங்கள் மிதம் என்று 8 சதவீதத்தைச் சொல்வீர்கள், அவர் பாதிக்குப் பாதி என்று கேட்டுக்கொள்வார். "ஏழில் ஒருவர்", "இருபத்தைந்தில் ஒருவர்" என்ற நடையும் குழப்பும்: 25இல் 1 பெரிதா, 50இல் 1 பெரிதா என்று கேட்டால் 50 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. கீழே உள்ள எண் எப்போதும் 100 ஆகவே இருக்கட்டும். நடுவில் 1000-க்குத் தாவினால் பேச்சு முழுதும் 1000 ஆகவே வையுங்கள்.

ஒரு தாளில் பத்துக்குப் பத்தாக நூறு வட்டம் அச்சிட்டு வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும். பேனாவை எடுத்து அவர் பார்க்கும்போதே கீழ் வரிசையிலிருந்து தொடர்ச்சியாக 14 வட்டங்களை நிரப்புங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிரப்பினால் எண்ணிப் பார்க்க முடியாது. எழுதப் படிக்கச் சிரமப்படுபவர் என்றால் பேனாவை அவர் கையிலேயே கொடுத்து நிரப்பச் சொல்லலாம்.

பெரும்பாலும் அடுத்து ஒரு கேள்வி வரும்: "அந்தப் பதினாலுல நானும் ஒருத்தனா?" நேர்மையான பதில்: "அது எனக்கும் தெரியாது, எந்த மெஷினுக்கும் தெரியாது. ஆனா இந்தப் பதினாலைக் குறைக்க என்ன செய்யலாம்னு தெரியும்." இங்கே மழுப்பினால் பின்னால் சொல்லும் எதற்கும் மதிப்பிருக்காது.

மருந்தின் பலனைச் சொல்லும்போது வரும் பொறி

கார்ட்ஸ் ஆய்வு (2004) நல்ல பயிற்சிப் பாடம். டைப் 2 நீரிழிவு உள்ள, இதய நோய் வராத 2838 பேரில் ஒரு பாதிக்கு அடோர்வாஸ்டாடின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை) 10 மி.கி., மறு பாதிக்குப் போலி மாத்திரை (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தில்லாத மாத்திரை). சுமார் நான்கு ஆண்டுகளில் பெரிய இதய, ரத்தக் குழாய் நிகழ்வுகள் (மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை) 37 சதவீதம் குறைந்தன. அதனால் ஆய்வு திட்டமிட்டதற்கு இரண்டு ஆண்டு முன்பே நிறுத்தப்பட்டது. "37 சதவீதம் குறையும்" என்றால் நூறில் 37 பேர் தப்பினார்கள் என்று கேட்பவர் நினைப்பார். நடந்தது இது: போலி மாத்திரை எடுத்த நூறு பேரில் சுமார் 9 பேருக்கு நிகழ்வு, மருந்து எடுத்த நூறு பேரில் சுமார் 6 பேருக்கு. அதாவது நூறில் 3 பேருக்கு வரவிருந்தது வரவில்லை. இரண்டும் உண்மைதான். ஆனால் முடிவெடுக்க உதவுவது இரண்டாவது. பலனை 37 என்றும் பக்கவிளைவை "ஆயிரத்தில் ஒருவருக்கு" என்றும் சொல்வது விற்பனைப் பேச்சு.

பலனும் கேடும் ஒரே அளவுகோலில் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஆஸ்பிரின் சரியான உதாரணம். அசென்ட் ஆய்வில் (2018) இதய நோய் இல்லாத 15,480 நீரிழிவு நோயாளிகளைச் சராசரியாக 7.4 ஆண்டுகள் கவனித்தார்கள். ஆயிரம் பேருக்குக் கணக்கிட்டால், ஆஸ்பிரினால் கடும் ரத்தக் குழாய் நிகழ்வு 96 பேரிலிருந்து 85 ஆகக் குறைந்தது. பெரிய ரத்தக் கசிவு 32 பேரிலிருந்து 41 ஆகக் கூடியது. 11 பேருக்கு நன்மை, 9 பேருக்குத் தீமை. பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால், "இதயத்துக்கு நல்லதுன்னு நானே தினமும் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கறேன்" என்பவருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே மாரடைப்போ ஸ்டென்ட்டோ உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர் ஆஸ்பிரினை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் 14 சதவீதக்காரருக்குத் திரும்புவோம். எல்டிஎல் ஒவ்வொரு 39 மி.கி. (டெசிலிட்டருக்கு) குறையும்போதும் பெரிய நிகழ்வுகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. நீரிழிவு உள்ளவர்களிடமும் இது உறுதியாகியிருக்கிறது. அப்படியானால் 14 சுமார் 11 ஆகும். அதே தாளில், நிரப்பிய வட்டங்களில் மூன்றின் மேல் குறுக்குக் கோடு போடுங்கள். அடுத்து பிரஷர்: மேல் அளவு 10 குறைந்தால் பக்கவாதம் சுமார் கால் பங்கு குறையும், இதய நிகழ்வுகளில் பலன் அதைவிடச் சற்றுக் குறைவு. இந்தச் சதவீதங்களைக் கூட்டக் கூடாது. முதல் மருந்து குறைத்ததுபோக மீதியில்தான் இரண்டாவது வேலை செய்யும்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். கருவிக்குள் எல்டிஎல்லையோ பிரஷரையோ குறைத்துப் போட்டு "மருந்து சாப்பிட்டா இப்படி ஆயிடும்" என்று காட்டுவது. அந்தக் கருவி வெவ்வேறு மனிதர்களை ஒப்பிட்டுக் கட்டியது. ஒரே மனிதருக்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கான கணக்கு அல்ல.

"சுகர்தான் நார்மலா இருக்கே"

சுகரைக் கட்டுக்குள் வைப்பது கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நுண் குழாய்களுக்குத் தெளிவாக உதவுகிறது. பெரிய குழாய்களுக்கு அதன் உதவி மெதுவானது, அளவில் சிறியது. அக்கார்ட் ஆய்வில் ஹெச்பிஏ1சியை 6-க்குக் கீழே இறக்கத் தீவிரமாக முயன்ற குழுவில் உயிரிழப்பு கூடியதால் 2008இல் அந்தப் பகுதியையே நிறுத்தினார்கள். மாறாக, டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வில் சுகர், பிரஷர், கொழுப்பு, வாழ்க்கைமுறை எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தபோது சுமார் எட்டு ஆண்டுகளில் இதய நிகழ்வுகள் பாதியாகக் குறைந்தன. அதில் இருந்தவர்கள் 160 பேர்தான். ஆனால் 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குழு சராசரியாக எட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தது.

நோயாளியிடம் ஆய்வுப் பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. "சுகரை நல்லா வெச்சிருக்கீங்க, அது கண்ணையும் கிட்னியையும் காப்பாத்துது. இதயத்துக்குப் பிரஷரும் கொழுப்பும் சேர்ந்து இறங்கணும்" என்றால் போதும். முதல் பாதியை விழுங்கிவிடாதீர்கள். இத்தனை வருடம் பாடுபட்டதற்கு ஒரு சொல் இல்லையென்றால் இரண்டாம் பாதி ஏறாது.

நெஞ்சு வலி இல்லை என்பவருக்கு: நீண்ட நாள் நீரிழிவில் நரம்புகள் மங்கிப்போவதால் மாரடைப்பேகூட வலியில்லாமல் வரலாம். மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், தாடையிலோ முதுகிலோ கையிலோ அழுத்தம், காரணமில்லாத கடும் சோர்வு மட்டுமே தெரியலாம். இதைச் சுகர் இறங்கியதாக எண்ணி இனிப்பைச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வதுதான் ஆபத்து. எழுதிக் கொடுக்க வேண்டிய வரிகள்: மார்பில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ இருந்தால் சுகர் மெஷினைத் தேடாமல் முதலில் ஆம்புலன்ஸ். வெறும் நடுக்கமும் வியர்வையும் என்றால் சுகரைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சுகர் சரியாக இருந்தும் வியர்வை நிற்கவில்லை என்றால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இளையவரும் பெண்களும்

38 வயதில் டைப் 2 வந்தவருக்குப் பத்து வருட எண் சிறியதாகத்தான் வரும், ஏனென்றால் கணக்கில் வயதுதான் கனமானது. "நாலு சதவீதமா? அப்போ பரவாயில்லை" என்று எழுந்து போய்விடுவார். நீரிழிவு எவ்வளவு இளமையில் வருகிறதோ அவ்வளவு ஆண்டுகள் குழாய்கள் அதைச் சுமக்கின்றன. இவரிடம் பிரிவென்ட் தரும் 30 வருடக் கணிப்பு, அல்லது க்யூரிஸ்க் காட்டும் "இதய வயது" நன்றாக வேலை செய்யும். "உங்க வயசு 38. ஆனா உங்க ஆபத்து, இந்தப் பிரச்சினை எதுவும் இல்லாத 51 வயசுக்காரரோட ஆபத்துக்குச் சமம்" என்பதுபோல. உங்கள் இதயமே 51 வயதாகிவிட்டது என்று சுருக்கிச் சொன்னால், இதயம் தேய்ந்துவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொள்வார்.

பெண்களிடம் நீரிழிவு இதய ஆபத்தைப் பெருக்கும் அளவு ஆண்களைவிட அதிகம். மாரடைப்பு ஆண்களின் நோய் என்று அவரும் நினைத்திருப்பார், வீட்டாரும் நினைத்திருப்பார்கள். முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட வைத்துக்கொண்டே பேசுங்கள்.

ஒரே ஒரு செயல்

புகையை விடு, எடையைக் குறை, நட, உப்பைக் குறை, மூன்று புது மாத்திரை என ஒரே மூச்சில் சொன்னால் வாசலைத் தாண்டும்போது எதுவும் மிஞ்சாது. எதைத் தொட்டால் அதிகம் குறையும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். புகைப்பவர் என்றால் புகையைத்தான் நான் முதலில் வைப்பேன். ஆனால் அவர் மாத்திரையிலிருந்து தொடங்கத் தயார், புகைக்கு இன்னும் தயாரில்லை என்றால் மாத்திரையிலேயே தொடங்குங்கள்.

இலக்கை எண்ணாக எழுதிக் கொடுங்கள்: பிரஷர் 130/80-க்குக் கீழ், எல்டிஎல், நீரிழிவோடு கூடுதல் ஆபத்துகளும் உள்ளவருக்கு 70-க்குக் கீழ், இதய நோய் வந்துவிட்டவருக்கு 55-க்குக் கீழ். ஸ்டாடின் தொடங்கினால் 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி கொழுப்புப் பரிசோதனைக்குத் தேதி கொடுங்கள். தசைவலி பற்றிக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது: வலி வரலாம், ஆனால் போலி மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு வலி சொல்லியிருக்கிறார்கள், வந்தால் தானே நிறுத்தாமல் போன் செய்யட்டும். மறைத்துவிட்டால் பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள், மாத்திரை அன்றோடு நின்றுவிடும்.

கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிஞ்சுது என்றுதான் சொல்வார்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுல போய் இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். "பதினாலு சதவீதம் அடைப்பு இருக்காம்" என்று பதில் வந்தால் அதிர வேண்டாம். மிகச் சாதாரணமாக நடக்கும் குழப்பம் இது. தாளை மறுபடி எடுத்து, இது குழாய் அடைப்பின் அளவல்ல, நூறு பேரில் எத்தனை பேர் என்று வட்டங்களைத் தொட்டுக் காட்டுங்கள்.

கோப்பில் எந்தக் கருவி, எந்தத் தேதி, என்ன எண், நோயாளி தேர்ந்த செயல் எது என்று நான்கு வரி எழுதிவையுங்கள். அடுத்த முறை வேறொருவர் பார்த்தாலும் அதே கருவியையே எடுப்பார். வருடத்துக்கு ஒரு முறை மறுபடி கணக்கிடலாம், ஆனால் அந்த எண்ணை மட்டும் நீட்டாதீர்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவருக்கும் வயது ஒன்று கூடியிருப்பதால் எண் குறையாமலோ, சற்றே ஏறியோ நிற்கும். பாடுபட்டும் பலனில்லை என்று அவர் மாத்திரையை விட்டுவிடுவார். போன வருட எல்டிஎல்லையும் பிரஷரையும் இந்த வருடத்தோடு அடுத்தடுத்து எழுதி, அதை முதலில் காட்டுங்கள்.